இக்போவுக்கு வேலை கொடுங்கள்

தமிழ் வாசகர்களில் பலருக்கு இக்போ மக்கள் சினுவா அச்செபே வழியாகத்தான் அறிமுகம். 1958-ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலை என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். இக்போ கிராமத்தின் வாழ்க்கையை உலகத்துக்குக் கொண்டுபோன அந்த நாவலை அச்செபே எழுதியது ஆங்கிலத்தில். இதைக் கொண்டு இக்போ ஏதோ எழுத்தில்லாத சிறுமொழி என்று நினைத்துவிடக் கூடாது. தென்கிழக்கு நைஜீரியாவின் அனம்ப்ரா, இமோ, எனுகு, அபியா, எபோன்யி ஆகிய ஐந்து மாநிலங்களின் மொழி அது. டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களின் சில பகுதிகளிலும் வழங்குகிறது. பேசுவோர் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். முழு பைபிள் 1913-லேயே வந்துவிட்டது. பீட்டா ந்வானாவின் ‘ஒமெனூக்கோ’ என்ற முதல் இக்போ நாவல் 1933-ல் பரிசு பெற்றது. வசதி அமைந்தால் நாடாளுமன்ற அலுவலை ஆங்கிலத்தோடு ஹவுசா, இக்போ, யொரூபா மொழிகளிலும் நடத்தலாம் என்று 1999-ன் அரசியல் சட்டம் சொல்கிறது. 2018 முதல் பிபிசிக்கு இக்போ சேவை இருக்கிறது. இத்தனை இருந்தும் லாகோஸிலோ அபுஜாவிலோ, ஏன், எனுகு நகரத்திலேயேகூட, நடுத்தர வர்க்கத்து வீடுகளில் அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் இக்போவில் பேசுவார்கள். பிள்ளை பக்கம் திரும்பினால் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். பிள்ளைக்குச் சொன்னது புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். ஆகவே, சில நூறு பேர் மட்டும் பேசும் மொழிகளைக் காப்பதற்காக எழுதப்பட்ட அறிவுரைகளை இங்கே அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. கோடிக்கணக்கானவர் பேசும் ஒரு மொழியை அடுத்த தலைமுறையின் வாயில் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் ஓர் எச்சரிக்கை வசனத்தை ஓரமாக வைத்துவிடுவோம். 2025-க்குள் இக்போ அழிந்துபோகும் என்று யுனெஸ்கோ சொன்னதாக ஒரு செய்தி நைஜீரியப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பல ஆண்டுகள் வலம் வந்தது. அந்த ஆண்டு வந்தது. ஒனிட்சா சந்தையில் இக்போவில்தான் பேரம் நடந்தது. பயமுறுத்திச் செய்யும் பிரசாரத்தில் இரண்டு கெடுதல் உண்டு. கெடு தாண்டியதும், சொன்னவர் பேச்சை யாரும் நம்புவதில்லை. அதைவிட மோசமானது, சாகப்போகும் மொழி என்று கேள்விப்பட்ட பதினைந்து வயதுப் பையன் அதில் நேரத்தைச் செலவிட ஏன் முன்வர வேண்டும்? யுனெஸ்கோவின் நிபுணர் குழு 2003-ல் தந்த அறிக்கையை எடுத்துப் படித்தால், ஒரு மொழியின் உயிர்ப்பை அளக்க அது ஒன்பது அளவுகோல்களை வைத்திருப்பது தெரியும். முதலில் நிற்பது பேசுவோர் எண்ணிக்கை அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மொழி போகிறதா என்பது. இக்போவின் விஷயத்தில் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். கெடு வைத்து மிரட்டாமலே கவலைப்படலாம்.

இளையோர் இக்போ பேசாததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அவர்களுக்குத் தாய்மொழிமீது பற்றில்லை, பெருமையில்லை என்பது. இந்த நோய்க்குறிப்பு தவறு என்றே நினைக்கிறேன். தவறான நோய்க்குறிப்புக்கு எழுதிய மருந்துதான் இத்தனை காலமும் கொடுக்கப்படுகிறது: உரைகள், சொற்பொழிவுகள், மொழிநாள் விழாக்கள், பாரம்பரிய உடைப் போட்டிகள். உண்மையில் பெருமைக்குக் குறைவே இல்லை. இக்போ இளைஞன் தன் பெயரைச் சுருக்கினாலும் மாற்றுவதில்லை. கல்யாணத்தில் ‘இசியாகு’ சட்டையும் சிவப்புத் தொப்பியும் அணிய வெட்கப்படுவதில்லை. 2024-ல் நடந்தது இன்னும் தெளிவான சாட்சி. எனுகுவின் முதுபெரும் நாட்டுப்புறப் பாடகர் மைக் எஜியாகா 1983-ல் பாடிய ஒரு பாட்டு. ஆமை தந்திரமாக யானையை அரசன் முன் கொண்டுவந்து நிறுத்தும் நாட்டுக்கதை. பிரெய்ன் ஜாட்டர் என்ற இளம் நகைச்சுவைக் கலைஞர் அதற்கு ஆடிய சில நொடி ஆட்டம் நாடு முழுக்கப் பரவியது. தொண்ணூறு வயது கடந்த பாடகரை அவர் எனுகுவுக்கே போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு ஜூனில் எஜியாகா தம் 95-ஆம் வயதில் மறைந்தபோது, இளைஞர்கள் அவர் பெயரை அறிந்திருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு ஆடிய இக்போப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஆமை என்ன தந்திரம் செய்தது என்று சொல்லத் தெரியும் என்பது வேறு கேள்வி. ஆடுவதற்குக் கதை தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவர்களுடைய ஒரு நாளில் இக்போ இல்லாவிட்டால் நடக்காது என்று சொல்லத்தக்க வேலை எதுவும் இல்லை. தட்டுத்தடுமாறிப் பேசினாலோ சிரிப்பு. வேலையின்மையும் சிரிப்பும் சேர்ந்துதான் மொழியை நாவிலிருந்து இறக்குகின்றன.

இக்போவின் வேலைகள் ஆங்கிலத்துக்கு எப்படிக் கைமாறின என்று பார்ப்பது பழி சுமத்த அன்று, எதைத் திரும்பப் பெற முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொள்ள. 1857-ல் ஒனிட்சாவில் மிஷனரிகள் இறங்கிய காலத்தில் அவர்கள் இக்போவில் கற்பிக்கத்தான் முனைந்தார்கள். அதே ஆண்டில்தான் சாமுவேல் அஜாயி குரோதரின் இக்போ அரிச்சுவடி அச்சானது. குமாஸ்தா வேலையும் நீதிமன்றமும் வணிகக் கம்பெனியும் ஆங்கிலத்தில் நடந்ததால், பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கேட்டது பெற்றோர்தான். அந்தக் கேட்பில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. ஊர்ச் சங்கங்கள் தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டுக் காசு சேர்த்து, கெட்டிக்காரப் பையன்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பின. மேற்கத்தியக் கல்விக்குப் பிந்தி வந்த இக்போ சமூகம் ஓரிரு தலைமுறையில் மற்றவர்களை எட்டிப் பிடித்தது அப்படித்தான். பிறகு 1966-ன் படுகொலைகளும் தனிநாட்டுக்காக 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா போரும் வந்தன. இக்போ என்று அடையாளம் தெரிவதே ஆபத்தாக இருந்த நாட்களைப் பார்த்த தலைமுறை ஒன்று, போருக்குப் பின் கையில் காசில்லாமல் நாட்டின் எல்லா நகரங்களுக்கும் பிழைக்கப் போனது. பல மொழிக்காரர் கலந்து வாழும் தெருவில் ஆங்கிலமும் அதன் கலப்பு வடிவமான பிட்ஜினும் பொதுமொழி ஆயின. பள்ளியில் தாய்மொழி பேசினால் அபராதம், பிரம்படி என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் பல தனியார் பள்ளிகளில் ‘வெர்னாகுலர் பேசாதே’ என்ற பலகையைக் காணலாம். ஆங்கிலம் எடுத்துக்கொண்ட அலுவலக வேலையை இக்போவுக்கு மீட்டுக்கொடுப்பது ஒரு குடும்பத்தாலோ இளைஞர் மன்றத்தாலோ ஆகிற காரியம் இல்லை. அதற்காகச் சக்தியை வீணடிக்க வேண்டாம்.

ஆனால் வேலை இருக்கும் இடத்தில் இக்போ இன்றும் என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘இக்பா போய்’ எனப்படும் தொழில்பழகு முறை இக்போ வணிகத்தின் முதுகெலும்பு. பதின்வயதுப் பையன் ஒருவன் வியாபாரி ஒருவரிடம் ஐந்து முதல் ஏழு ஆண்டுவரை தங்கித் தொழில் கற்கிறான். காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்கு முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருகிறார். நெவியின் வாகன உதிரிபாகக் கடைகள், அபாவின் அரியாரியா சந்தை, லாகோஸின் அலாபா மின்னணுச் சந்தை எல்லாம் இப்படி வளர்ந்தவை. அங்கே சரக்கின் அடக்கவிலையைப் பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளருக்குப் புரியாமல் சொல்லவும், கடன் கேட்கவும், தவணை தள்ளவும் இக்போ வேண்டும். யாரும் அந்தப் பையனுக்கு மொழிப்பற்று உரை நிகழ்த்துவதில்லை. நகரத்தில் வளர்ந்து அரைகுறை இக்போவோடு வந்தவன்கூட ஓராண்டில் சரளமாகிவிடுகிறான். இதே வியாபாரிகள் கானோவுக்குப் போனால் ஹவுசா கற்கிறார்கள், இபாடானில் யொரூபா, சீனத்தின் குவாங்சோவில் பேரம் பேசும் அளவுக்குச் சீனம். மொழி கற்கும் திறமை இந்தச் சமூகத்தில் கொட்டிக் கிடக்கிறது. தேவை எங்கே இருக்கிறதோ அங்கே அது பாய்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தையைப் போன்ற ஒரு தேவையை, சிறிய அளவிலாவது, உண்டாக்க முடியுமா என்பதே நாம் யோசிக்க வேண்டியது.

முடியும். வீட்டில் தொடங்குவோம். ‘இன்று முதல் வீட்டில் இக்போ மட்டும்’ என்று அறிவிக்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தோற்றுப்போகிறார்கள். ஆங்கிலத்தில் அன்பும் கோபமும் காட்டிப் பழகிய உறவு அறிவிப்பால் மாறாது. அதைவிட ஒரு வேலையை இக்போவுக்கென்று ஒதுக்குவது நிலைக்கும். சமையலறை நல்ல இடம். அங்கே பேச்சு சிறியது, பொருள் கண்முன் இருக்கிறது, ஒரே வாக்கியம் தினமும் திரும்ப வருகிறது. ஓஹா கீரைக் குழம்போ, இடித்த வள்ளிக்கிழங்கோ செய்யும் அந்த அரைமணி நேரம் இக்போவில் என்று வையுங்கள், மற்ற நேரம் எப்படியோ போகட்டும். இரண்டாவதாக, ஊரில் இருக்கும் பாட்டியிடம் போனில் பேசும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். அதுவும் வெறும் நலம் விசாரிப்பாக இருந்தால் மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடும். பணம் வந்து சேர்ந்ததா, கூரைக்குத் தகரம் வாங்கியாயிற்றா, எந்த நாளில் யாருடைய இறுதிச் சடங்கு என்று விவரம் கேட்டு அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றால், பையன் கவனித்துக் கேட்டாக வேண்டும், புரியாததைத் திருப்பிக் கேட்டாக வேண்டும். இடையில் புகுந்து மொழிபெயர்க்கும் பெரியவர்தான் இந்தப் பயிற்சியின் எதிரி. சந்தைக்கு அனுப்பும்போது இக்போ பேசும் கடைக்காரியிடம் அனுப்புங்கள். விலை குறைத்து வாங்கினால் மிச்சக் காசு அவனுக்கு. பெரிய பிள்ளை ஒன்று இருந்தால் சின்னதற்குக் கதை சொல்லும் வேலையை அதற்குக் கொடுங்கள். தனக்குத் தெரியாததைக் கற்பிக்க நேரும்போது பதின்வயதினர் காட்டும் அக்கறை, கற்றுக்கொள்ளச் சொன்னால் வருவதில்லை.

சிரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல முயற்சிகள் பலவும் இதில்தான் கவிழ்கின்றன. இக்போவில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். ஒரே எழுத்துகள், குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளை சொற்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் ஏற்ற இறக்கத்தில் மாட்டிக்கொள்ளும். முட்டையைக் கேட்கப்போய்த் துணியைக் கேட்டுவிடும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமாக்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது பாசத்தில் வரும் சிரிப்பு, சந்தேகமில்லை. பதின்மூன்று வயதுக்காரிக்கு அது பாசமாகப் படாது. அடுத்த முறை அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், அதில் யாரும் சிரிப்பதில்லை. ஆகவே மொழிக்காக வேலை செய்ய விரும்பும் குடும்பமோ மன்றமோ முதலில் பெரியவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும்: பிழைக்குச் சிரிப்பதில்லை, பாதியில் நிறுத்தித் திருத்துவதுமில்லை. பிள்ளை சொன்னதையே சரியான ஒலியோடு பதிலில் வைத்துச் சொன்னால் போதும். காது தானே பிடித்துக்கொள்ளும். ஆங்கிலச் சொல் கலந்து வரும் பேச்சுக்கு ‘இங்கிலிக்போ’ என்று பெயர் வைத்து ஏளனம் செய்வதும் இதே வகை. பாதி இக்போ பேசுகிறவனிடம் இருப்பது பாதி இக்போ. அவனை வெட்கப்படுத்தினால் அந்தப் பாதியும் போகும். தூய மொழி வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான், ஆனால் அது பேச ஆரம்பித்தவனிடம் வைக்க வேண்டிய கோரிக்கை, பேசவே தயங்குகிறவனிடம் அன்று.

இனி மறுப்புகள். பெற்றோர் எழுப்பும் முதல் மறுப்பு, இக்போவுக்கு இடம் கொடுத்தால் ஆங்கிலம் பின்தங்கிவிடும் என்பது. இதற்கு நைஜீரியாவிலேயே நடந்த ஒரு சோதனை பதில் சொல்கிறது. 1970-ல் இஃபே பல்கலைக்கழகத்தில் பாபதுண்டே ஃபஃபுன்வா தலைமையில் தொடங்கிய ஆறாண்டுத் தொடக்கப்பள்ளித் திட்டத்தில் ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டும் எல்லாப் பாடங்களும் யொரூபாவில். ஆங்கிலம் தனிப்பாடமாக, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரால். வழக்கமான முறையில் படித்தவர்களோடு ஒப்பிட்டபோது அந்தப் பிள்ளைகள் பாடங்களில் முன்னே நின்றார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. அது யொரூபாவில் நடந்தது, இக்போவில் அன்று. பொறுக்கியெடுத்த ஆசிரியர்களும் நல்ல பாடநூல்களும் இருந்தன என்று சொல்லலாம், சொல்வது சரியே. ஆனால் இங்கே நாம் கேட்பது அதைவிட மிகச் சிறியது. பள்ளி முழுக்க ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், வீட்டில் நாளுக்கு அரைமணி நேரம் இக்போ என்கிறோம். ஆறு ஆண்டு முழுப்படிப்பே ஆங்கிலத்தைக் கெடுக்கவில்லை என்றால் சமையலறை அரைமணி கெடுக்காது. ஆங்கிலம் கெடும் என்ற பயத்தில் இக்போவை நிறுத்தும் வீடுகளில் பல, உச்சரிப்பிலும் இலக்கணத்திலும் தடுமாறும் ஆங்கிலத்தைத்தான் பிள்ளைக்குத் தருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்க்கு நன்றாகத் தெரிந்த மொழியில் கதை கேட்ட பிள்ளைக்குச் சொல்வளம் என்றால் என்னவென்று தெரியும். அது எந்த மொழிக்கும் உதவும்.

எந்த இக்போவைக் கற்பிப்பது என்பது அடுத்த கேள்வி. என்சுக்கா, ஓவெரி, ஒனிட்சா, ங்வா, எபோன்யியின் இஸ்ஸி என்று வட்டாரப் பேச்சுகள் பல. சிலவற்றுக்கிடையே புரிதலே கடினம். அப்பா ஓர் ஊர், அம்மா ஓர் ஊர் என்றால் சண்டை வீட்டிலேயே தொடங்கும். இந்தச் சண்டைக்கு நீண்ட, கசப்பான வரலாறு உண்டு. 1913-ன் பைபிளை ஆர்ச்டீக்கன் டென்னிஸ் பல வட்டாரச் சொற்களை ஒன்றுசேர்த்த ‘யூனியன் இக்போ’வில் கொண்டுவந்தார், யாருடைய வாயிலும் பிறக்காத மொழி அது என்ற விமர்சனம் அன்றிலிருந்து இருக்கிறது. 1929-க்குப் பின் எந்த எழுத்துமுறை என்பதில் தகராறு. புராட்டஸ்டண்டு சபையினர் பழையதைப் பிடித்துக்கொள்ள, கத்தோலிக்கரும் அரசும் புதியதை எடுத்துக்கொண்டார்கள். 1961-ல் டாக்டர் ஓன்வு தலைமையிலான குழு, புள்ளியிட்ட உயிரெழுத்துகளோடு 36 எழுத்துகள் கொண்ட முறையை முடிவு செய்யும்வரை முப்பது ஆண்டுகள் இது நீடித்தது. நைஜீரியாவில் பள்ளிகள் பெருகிய காலமே அதுதான். எந்த எழுத்தில் அச்சிட்டால் எந்தப் பள்ளி வாங்கும் என்று தெரியாத நிலையில் இக்போப் புத்தகம் போட யார் துணிவார்கள்? பெரியவர்கள் சரியான இக்போவுக்காகச் சண்டையிட்டார்கள், பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகம் படித்து வளர்ந்தார்கள். 1999-ல் ஓவெரி கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ‘ஓடெனிக்போ’ சொற்பொழிவில் அச்செபே டென்னிஸின் வேலையைக் கடுமையாகச் சாடியபோது பழைய புண் மறுபடி திறந்தது. பேராசிரியர்களுக்கு அந்த விவாதம் தேவைதான். ஒரு தாய்க்குத் தேவையில்லை. பேச்சுக்கு உங்கள் ஊர்ப் பேச்சு, எழுத்துக்குப் பள்ளியின் பொது இக்போ என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவர் ஊரும் வேறு என்றால் இரண்டையும் கேட்டு வளரட்டும். பிள்ளைகள் இதில் குழம்புவதில்லை, பெரியவர்கள்தான் குழம்புகிறார்கள்.

இதெல்லாம் அரசும் பள்ளியும் செய்ய வேண்டிய வேலை அல்லவா என்று கேட்பவர்களுக்கு அண்மைய வரலாறே பதில். 1977-ன் தேசியக் கல்விக் கொள்கையிலிருந்தே தொடக்க வகுப்புகளில் தாய்மொழிக்கு இடம் உண்டு, காகிதத்தில். 2022 நவம்பரில் நைஜீரிய மத்திய அமைச்சரவை ஒரு படி மேலே போய்த் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளும் தாய்மொழிவழி என்று ஒப்புதல் தந்தது. 2025 நவம்பரில் கல்வி அமைச்சர் துஞ்சி அலவுசா, அந்தக் கொள்கை ரத்து என்றும் எல்லா நிலையிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்றும் அறிவித்தார். மூன்றே ஆண்டில் மேலும் கீழும் போகிற கொள்கையை நம்பி ஒரு குழந்தையின் மொழியை ஒத்திவைக்க முடியாது. அதன் குழந்தைப் பருவம் காத்திருக்காது. கொள்கை நிலையாக இருந்தாலும் பள்ளியால் மட்டும் எவ்வளவு முடியும் என்பதற்கு அயர்லாந்தைப் பார்க்கலாம். 1922-ல் விடுதலை பெற்ற காலத்திலிருந்து அங்கே பள்ளிகளில் ஐரிஷ் உண்டு. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் 18 லட்சத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் ஏறத்தாழ 72,000 பேர்தான். தேர்வுக்கு வெளியே மொழிக்கு வேலை இல்லாவிட்டால் தேர்வோடு மொழியும் முடிகிறது. அதற்காகப் பள்ளியை விட்டுவிடச் சொல்லவில்லை. பெற்றோர் சங்கம் தலைமையாசிரியரிடம் கேட்கத்தக்கவை இருக்கின்றன: இக்போ பேசினால் அபராதம் என்பதை எடுங்கள், இக்போ பாடத்தை மதியம் கடைசி மணியில் தள்ளாதீர்கள், கால்பந்து வர்ணனை, நாடகம், பட்டிமன்றம் என்று பேச வாய்ப்புள்ள ஒன்றை இக்போவில் நடத்துங்கள். சில ஆர்வலர்கள் எதிர்த்திசையில் போய், ஆங்கிலம் பேசினால் அபராதம் என்று வைக்கிறார்கள். தண்டனையோடு வந்த மொழியைப் பிள்ளைகள் எப்படி நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பது பழைய அபராதங்களிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

திரைப்படமும் இசையும் இளையோரை இழுக்கும் என்பது எல்லோரும் சொல்வது. கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது. நைஜீரியத் திரைத்துறையான நோலிவுட்டைத் தொடங்கிவைத்த படமாகப் பலரும் சொல்லும் ‘லிவிங் இன் பாண்டேஜ்’ 1992-ல் இக்போவில்தான் எடுக்கப்பட்டது. பணம் கண்ட தயாரிப்பாளர்கள், பெரும்பாலும் இக்போக்காரர்கள், நாடு முழுக்க விற்க ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். ஹவுசா, யொரூபாப் படங்கள் தங்கள் மொழியிலேயே தொடர்ந்தன. 2019-ல் ஜெனிவீவ் ந்நாஜியின் ‘லயன்ஹார்ட்’ ஆஸ்கரின் ஆங்கிலமல்லாத சர்வதேசப் படப் பிரிவுக்கு நைஜீரியாவின் முதல் படமாகப் போய்த் தள்ளுபடியானது: 95 நிமிடப் படத்தில் இக்போ 11 நிமிடம்தான். நாங்கள் பேசுவது இப்படித்தான் என்றார் இயக்குநர். உண்மையைத்தான் சொன்னார், எனுகுவில் நடக்கும் கதையில் அதுவே நிலைமை. இதிலிருந்து இளைஞர் மன்றங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பார்ப்பதும் கேட்பதும் பேச்சாக மாறாது என்பதை. ஃபைனோவின் ராப்பையோ ஃபிளேவரின் பாட்டையோ போட்டால் கூட்டம் ஆடும். ஆடி முடித்ததும் அந்த வரிகளைப் புள்ளிகளோடு எழுதி, அம்மாவிடம் கேட்டுப் பொருள் சேர்த்து, சப்டைட்டில் போட்டு ஏற்றுகிற வேலையைக் கொடுத்தால்தான் பயன். பழைய இக்போப் படத்தின் ஒரு காட்சியை ஒலியில்லாமல் ஓடவிட்டுக் குரல் கொடுக்கச் சொல்லலாம். கைப்பேசியில் இக்போ விசைப்பலகையை நிறுவுவது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்து கொடுக்காமல் இக்போவில் குறுஞ்செய்தி அனுப்பு என்று சொல்வதில் அர்த்தமில்லை. இக்போ விக்கிப்பீடியா, ‘ந்கோவா ஓக்வு’ இணைய அகராதி போன்றவற்றில் திருத்தவும் சேர்க்கவும் இளையோருக்கு இடம் இருக்கிறது. ஊர் வரலாற்றை அங்கே ஒரு பக்கமாக எழுத, தாத்தாவை உட்காரவைத்துக் கேட்டாக வேண்டும்.

ஆண்டின் மிகப் பெரிய வாய்ப்பு டிசம்பரில் வருகிறது. நாடெங்கும், கடல் கடந்தும் இருக்கும் இக்போ குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் திரும்பும் வழக்கம் இன்றும் வலுவாக இருக்கிறது. பெண்கள் ஆகஸ்டில் கூடும் ஊர்க்கூட்டமும் அப்படியே. ஊர்ச் சங்கம், ஒரே வயதினர் சேரும் வயதுக்குழு, முகமூடி ஆட்டம், கல்யாணம், அடக்கம் எல்லாம் இக்போவில் நடக்கும். கோலா கொட்டைக்கு ஆங்கிலம் புரியாது என்பார்கள், அதை உடைத்து ஆசி கூறுவது இக்போவில்தான். ஆனால் இந்தக் கூட்டங்களில் இளையோரின் பங்கு நாற்காலி போடுவதும் பானம் பரிமாறுவதும். நகரத்துப் பிள்ளை இரண்டு வாரமும் வீட்டு மாடியில் போனோடு உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறது. ஊர்ச் சங்கம் நடத்துவோர் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கூட்டக் குறிப்பை இக்போவில் எழுதும் துணைச் செயலாளர், நன்கொடைக் கணக்கை வாசிப்பவர், ஆட்டத்துக்கு அறிவிப்பாளர் என்று பதவிகளை இருபது வயதுக்காரர்களுக்கு, பெண்களுக்கும் சேர்த்து, கொடுங்கள், தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த நிகழ்ச்சியில் என்ன வேலை என்று அக்டோபரிலேயே சொல்லிவிட்டால், தயார் செய்ய இரண்டு மாதம் இருக்கிறது. சமையலறையிலும் போனிலும் பழகியது அப்போது கைகொடுக்கும். யொரூபா அம்மாவுக்கோ வெளிநாட்டு அப்பாவுக்கோ பிறந்த பிள்ளைகளையும் இதில் சேருங்கள். அவர்களுக்கு வீட்டில் ஒரே ஒரு இக்போக் குரல்தான் இருக்கிறது. ஊர்தான் மற்ற குரல்களைத் தர வேண்டும்.

முயற்சி பலித்ததா என்று பார்க்க எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்று எண்ண வேண்டாம். அந்த எண்ணிக்கை நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கைக்கு மட்டும் உதவும். ஓராண்டு கழித்துப் பெற்றோரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பிள்ளை பாட்டியை யாரும் சொல்லாமல் தானாக அழைக்கிறதா? நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் இக்போ தலைகாட்டுகிறதா? பெரியவர்கள் இல்லாத அறையில் அண்ணனும் தங்கையும் ஒரு வாக்கியமாவது இக்போவில் பேசிக்கொள்கிறார்களா? மூன்றாவதற்கு ஆம் என்ற பதில் பத்து வீட்டில் இரண்டு வீட்டில் கிடைத்தாலும் திட்டத்தைத் தொடருங்கள். ஒரு வீட்டிலும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து, பிள்ளைகளைப் பள்ளி விடுமுறை முழுக்க ஊரில் தங்கவைக்கும் பேருந்துக் கட்டணமாகக் கொடுத்துவிடுங்கள்.